மிளகு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்
எனக்கு இருபது நிமிஷ வியாபாரம்.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி
முன்னும் பின்னும் நகர்ந்து மனம் மாறுகிற நாளில்
முப்பத்தைந்து.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.
மன்னார்குடி பஸ்ஸிலிருந்து அப்பாவோடு இறங்கி வந்த சிறுமி
தொடைக்கறியில் ஒட்டியிருந்த கறுப்புத் துணுக்கை
நகத்தால் தொட்டு
"இதென்ன?" என்றாள்.
"மிளகு" என்றேன்.
என்னைக் கேட்காமல் நாக்கு சொன்னது.
அவள் அதைத் தின்றாள்.

கடை சாத்தி, போன் வெளிச்சத்தில்
கிரில் மூடியை அண்ணாந்து பார்த்தேன்.
வெளியே என் முகம் தெரியும் ஸ்டீல்.
தினம் துடைப்பது அந்தப் பக்கத்தைத்தான்.
உள்ளே சூடு தடுக்க வைத்த தகடு
தண்ணீர் வராத சித்திரையில்
கோரையாற்றுச் சேறு பிளந்து சுருளுமே
அப்படி,
செதில் செதிலாக,
தொட்டால் உதிர.

தோசைத் திருப்பியால் சுரண்டித் தராசில் வைத்தேன்.
நூற்றுப் பத்து கிராம்.
மீதியை யார் யார் தின்றார்களோ.

தம்மாமிலிருந்து நத்தர்ஷா வீடியோவில் வந்தார்.
கப்பலில் அந்த கிரிலை அனுப்பியவர் அவர்.
"கழட்டி எறி ஜுலைகா, மூடிதான் ஸ்டீலாச்சே."
உளி வைத்துப் பன்னிரண்டு ரிவெட்டையும் தட்டினேன்.
பதினொன்று வந்தது.
ஒன்று இன்னும் இருக்கிறது.

மறுநாள் மூடி நிறம் மாறியது.
முதலில் வைக்கோல்,
பிறகு பழுத்த வாழையிலை,
அந்திக்குள் மயில் கழுத்து.
கேட்டில் நின்ற பைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.
எனக்கோ மணிக்கட்டில்
வளையல் சுட்ட கோடு.
கோழி மேலே கரி, எலும்போரம் ரத்தம்.
ஆறு துண்டு ஸ்டேஷன் நாய்க்குப் போனது;
அதுவும் தோலை ஒதுக்கிவிட்டுத் தின்றது.

பாமணியாற்றுப் பாலத்தடியில் குணபாலன் பட்டறை.
ஏர்கூலர் செய்த மிச்சத் தகட்டை உருவினான்.
"இதில் துத்தநாகம் பூசியிருக்கே, சூட்டில் புகையாதா?" என்றேன்.
பதில் சொல்லாமல் அதை இருந்த இடத்தில் வைத்தான்.
அடுத்த தகட்டில் காந்தம் வைத்துக் காட்டினான்.
ஒட்டாமல் விழுந்தது.

மூடியின் வளைவுக்கே வளைத்து,
இடுக்கில்லாமல், தவில் தோல் போல இழுத்து அடித்தான்.
அழகாகத்தான் இருந்தது.
கரி போட்ட கால் மணியில்
வெளிப்பக்கம் முன்னைப் போலவே சுட்டது.

இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.
அவன் டீயை ஆற்றினான்,
கிளாஸுக்கும் டம்ளருக்கும் நடுவே
ஒரு முழம் காற்று.
பாதி ஆற்றியவன் அப்படியே நிறுத்தினான்.

மறுபடி கழட்டி
ஒவ்வொரு ரிவெட்டுக்கும் நடுவில்
மூன்று மூன்று வாஷர் கோத்தான்.
தகட்டுக்கும் மூடிக்கும் ஒரு விரற்கடை.
அதில் ஒன்றும் இல்லை.
கரி கனன்றது. கை வைத்தேன்.
காய்ச்சல் விடுகிற பிள்ளையின் நெற்றி.

கூலி ஆயிரத்து நூற்றைம்பது.
ஆயிரமும் ஒரு அரை கோழியும் வாங்கிக்கொண்டான்.
வாஷருக்குக் காசு கேட்கவில்லை.

அந்த நீலம் மட்டும் போகவில்லை.
புளி, சாம்பல், எலுமிச்சை எல்லாம் பார்த்தாயிற்று.
"புது மாடலா?" என்கிறார்கள்.
ஆமாம் என்கிறேன். இதுவும் பொய்தான்,
ஆனால் யார் வயிற்றுக்கும் போகாது.

அடுத்த வெள்ளி.
சரக்கு வண்டி. அதே அப்பா, அதே சிறுமி.
தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அன்னிக்குப் போட்டீங்களே, மிளகு?"

உள்ளே போய் நாலு மிளகை எடுத்தேன்.
கை நடுங்கி ஒன்று உருண்டு போனது.
மூன்றை நசுக்கித் தூவினேன்.
கடித்தாள்,
வெகுநேரம் மென்றாள்.
"இது அது இல்லை" என்றாள்.

கேட் திறந்தது.