நாற்பத்தொன்றாம் வில்லை

நாகர்கோவிலில், கல்லூரியின் பழைய சைக்கிள் கொட்டகைக்குக்
கதவு வைத்ததுதான் எங்கள் ஆய்வறை.
ஏசி உண்டு, ஆட்களுக்காக அல்ல,
ஒளிபெருக்கிக் குழாய்க்காக.
அதற்குப் புழுங்கினால்
இல்லாத வெளிச்சத்தையும் எண்ணிவிடும்.

சின்னவிளைக்கும் கடியபட்டணத்துக்கும் நடுவில்
சட்டைப் பொத்தான் அளவில் அறுபது வில்லைகள்,
கறுப்புத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக்கில் அடைத்து, ஊசியோடு
ஐப்பசியில் கொடுத்துவிட்டு வந்தோம்.
பகலில் நெஞ்சில் குத்திக்கொள்ளுங்கள்,
ராத்திரி தலைமாட்டில் வையுங்கள்.
உத்தரியம் மாதிரியா என்று ஒருத்தி கேட்டாள்.
ஏறக்குறைய, என்றேன்.

மணலைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?
கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட்,
தேன்நிறத்தில் மோனசைட்.
அதற்குள் தோரியம்,
அவசரமே இல்லாமல் உடைந்துகொண்டிருக்கிறது.

வில்லை வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும்.
தேதி அதற்குத் தெரியாது.
காணிக்கைப் பெட்டி மாதிரி:
தொகை உண்டு, போட்ட கை இல்லை.

தையில் திரும்பி வந்தன.
ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்துச் சூடாக்கினேன்.
நூற்றைம்பது டிகிரி வரை மௌனம்.
இருநூறைத் தாண்டும்போது மூன்று மாதமும்
ஒரேயடியாக வெளிச்சமாக வெளியேறும்,
கண்ணுக்கு எட்டாத வெளிச்சம்.
திரையில் ஒரு குன்று ஏறி இறங்கும்.
அவ்வளவுதான்.
வாசித்தால் போயிற்று.
நான் அந்நேரம் தும்மினால்
ஒரு மனிதனின் மூன்று மாதம் போயிற்று.

நாற்பத்தொன்று: ததேயுஸ், ஐம்பத்திரண்டு வயது.
படிவத்தில் என் கையெழுத்து:
வலது கால் முறிவு. கட்டிலில். கடலுக்குப் போவதில்லை.
இவர் குன்றுதான் உயரமாக வந்திருக்க வேண்டும்.
வந்தது ஒரு மேடு.

மனைவி, நாற்பத்திரண்டு: ஒன்று புள்ளி ஒன்பது.
இவர்: புள்ளி ஐந்து.
ஒரே கூரை.

நைட்ரஜனைச் சந்தேகித்தேன், வடிப்பானை,
அளவுத்திருத்தக் கோப்பை, கடைசியில் என்னை.
ஈயப் பெட்டிக்குள் வைத்திருந்த சாட்சி வில்லைகள்
சரியாகத்தான் இருந்தன.
ஊசி துருவேறியிருந்தது.
கடலோரத்தில் எதுதான் துருவேறாது?
புள்ளி ஐந்து என்றால்
முக்கால்வாசி நாளும் காலடியில் மணல் இல்லை,
நூறு பாகம் தண்ணீர்,
மேலே வானம் சிந்துவது மட்டும்.

மணவாளக்குறிச்சியில் பஸ் இறங்கி நடந்தேன்.
ததேயுஸ் கட்டிலில்தான் இருந்தார், காலடியில் தலையணை.
பிலோமினாள் தாளைப் பார்த்தாள்,
எண்ணை அல்ல, என் விரல் நின்ற இடத்தை.

"சட்டை அப்பனுக்கது," என்றாள்.
"உள்ள கெடந்தது மவன்."

ஆன்ஸ்லின். பதினாறு.
கால் ஒடிந்த மறுவாரம்
தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தங்கல் போட்டில் ஏறியிருக்கிறான்.
அப்பன் நின்ற இடம், அப்பன் வாங்கிய பங்கு, அப்பன் சட்டை.
பையில் குத்தியபடி நாற்பத்தொன்று.
பள்ளிக்கூடத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லியிருக்கிறது.

"இதுல அவன் போனது தெரியுமோ?"
பெயர் தெரியாது, கூட்டல் மட்டும்தான், என்றேன்.
"எந்தெந்த நாளுண்ணு?"
அதுவும் தெரியாது.
அடுப்பில் எதையோ கிளறப் போனவள்
திரும்பாமல் சொன்னாள்:
"அறுபத்தெட்டு ராத்திரி."

பதினெட்டு வயதுக்குக் கீழே எங்கள் ஆய்வில் யாரும் இல்லை.
எழுதினால் அவன் எங்காவது போய்ச் சேர்வான்,
முதலில் தலைமை ஆசிரியர் மேசைக்கு.
நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே கோடு போட்டேன்.
அடிக்குறிப்பு: அணிந்தவர் உறுதியாகவில்லை,
கணக்கில் சேர்க்கவில்லை.
பாதி உண்மை.

பிறகு எல்லா வில்லைகளையும் சூளையில் வைத்தேன்,
இருநூற்று முப்பது டிகிரி, நான்கு மணி நேரம்,
மிச்சம் மீதி துடைத்துப்போக.
அறுபதும் வெளியே வந்தன,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.
நாற்பத்தொன்றை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.
சூடாக இருந்தது.
எல்லாமே சூடாகத்தான் இருந்தன.