பை

மணி ஏழரை, கிழமை சனி.
"பொருத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் வடிவு மதினி
சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டே.

மதினி என்று இனிமேல் சொல்லலாமா?
புதன்கிழமை மெல்பர்ன் கோர்ட்டிலிருந்து
மின்னஞ்சலில் வந்தது, ஒரே பக்கம்.
அண்ணனுக்கு அவள் இனி யாரும் இல்லை.
எனக்கு யார் என்று
அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை.
வெள்ளி இரவே விமானம் ஏறி
லான்செஸ்டனுக்கு வந்துவிட்டாள்,
கையில் ஒரு பல்துலக்கியோடு.

பத்து வருஷமாய் அண்ணன்
கூட்டிப்போவதாகச் சொன்னது கிரேக்கத் தீவு ஒன்று.
"டாஸ்மேனியாவும் தீவுதான்" என்றேன்,
"நாலு பக்கமும் கடல், நடுவில் மலை.
ஆடுகூட இருக்கு."
சிரிக்கவில்லை, ஆனால் ஜன்னலை இறக்கினாள்.

தெற்கே மலை,
அரிவாள்மணையில் யாரோ
தலையைச் சீவிவிட்ட மாதிரி தட்டையாக.
டெலோரைனில் ஸ்காலப் பை வாங்கினோம்.
கடித்ததும் மசாலாத்தூள் நெடி.
"சிப்பியைப் பிடித்து
சாம்பார் வைத்து மூடியிருக்கான்" என்று சொல்லி
என்னுடையதிலும் பாதியைத் தின்றாள்.

ஊர் தாண்டினால் கசகசா வயல்,
வெளிறிய ஊதாப் பூ. வேலியில் பலகை:
உள்ளே வராதே, சாவு நேரலாம்.
"பாயசத்துல போடுற கசகசாவுக்கா?"

அடுத்த வேலியில் ஆளில்லாத கடை.
தகரப் பெட்டி, உருளைக்கிழங்கு, எழுதிவைத்த விலை.
ஐந்து டாலர் பைக்குப் பத்து டாலர் தாளைப் போட்டுவிட்டு
மீதிக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள்,
பழக்கதோஷம்.
பையைப் பின் சீட்டில் வைத்தோம்.
கார் அதை ஓர் ஆள் என்று நம்பி
பெல்ட் போடு, பெல்ட் போடு என்று
பீப் பீப் என்றது.
போகப் போக அடங்கியது.

மலைப்பாதை.
இரண்டாம் கியர், வளைவு, காது அடைப்பு, வளைவு.
கீழே இருபத்தி நான்கு டிகிரி, மேலே எட்டு.
டிசம்பரில், பாறை இடுக்கில்
துவைக்காத துணிபோல் கொஞ்சம் பனி.
பைன் ஏரிக்குப் போகும் பலகைப் பாதையில்
செருப்பைக் கழுவிவிட்டு வரச் சொல்லியிருந்தது.
"கோயிலா?"
"மரத்துக்கு நோய் வந்துரும்னு."
கழுவினாள், குதிகாலையும் சேர்த்து.
பல நூறு வயது மரங்கள்
வளர அவசரமில்லாமல்
காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன.
அவளும் நின்றாள்.
நான் படம் எடுக்கவில்லை.

பெரிய ஏரி தாண்டிய நேர்ச்சாலையில்
ஓரமாய் ஒரு வாலபி, அடிபட்டு.
இங்கே வந்த முதல் மாதமே சொல்லித்தந்திருந்தார்கள்:
செத்தது பெண் என்றால் பையைப் பார்,
குட்டி உயிரோடு இருக்கும்.
நிறுத்தினேன்.
இடுப்பில் வெள்ளை பெயின்டால் பெருக்கல் குறி.
"யாரோ பார்த்துட்டாங்க மதினி,
அதுக்குத்தான் இந்த அடையாளம். போகலாம்."

"எழுதியிருந்தா?" என்றாள்.

மண்டியிட்டாள்.
வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு
கையை உள்ளே விட்டாள்.
ஏதோ மறந்துபோன சாவியைத் தேடுகிறவள்போல
வெகுநேரம்.
இரண்டு லாரிகள் போயின, ஒன்று ஹாரன் அடித்தது.
"இல்லை" என்று எழுந்தாள்.
"இப்ப எனக்கும் தெரியும்."

பாட்டில் தண்ணீரை நான் ஊற்ற ஊற்ற
அவள் கழுவினாள்.
விரலிடுக்கில் ஒட்டிய ரோமத்தை ஊதவில்லை,
ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில், இறக்கத்தில்,
சிக்னல் வந்ததும் காரின் திரை முழுக்க அண்ணன் பெயர்.
அவள் எனக்காகப் பொத்தானை அழுத்தினாள்.
"எங்கேடி இருக்கே, காலையிலேர்ந்து கூப்பிடுறேன்."
"மலையில."
"யாரோட?"
வளைவு முடியட்டும் என்று இருந்தேன்.
"மதினியோட."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை.
உருளைக்கிழங்கு ஒருபக்கமாய்ச் சரிந்து
மறுபடி பீப் பீப் என்றது கார்.
வடிவு மதினி எட்டித் திரும்பி,
முனகிக்கொண்டே,
பைக்குப் பெல்ட் மாட்டினாள்.