ஆறு பென்சில் கட்டை

கல்யாண மண்டபத்துக்கா, திருவிழாக் காவலுக்கா என்றார்
டவுன்ஹால் ரோடு மாடிக்கடை சலாகுதீன்.
மேலே, என்றேன்.
மொட்டை மாடிக்கா?
இன்னும் மேலே.

எஞ்சின் இல்லாத விமானம் என்றதும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
விஞ்ச் கயிறு இழுத்து விடும்,
பிறகு சூடான காற்று தூக்கும்,
அது கைவிட்டால் இறங்கிவிட வேண்டியதுதான் என்றேன்.
கடை மாதிரிதான், என்றார்.

அவர் எடுத்து வைத்த பத்தும் எஃப்.எம்.
வானத்தில் பேசுவது ஏ.எம்.மில்.
இந்தக் காலத்திலுமா?
இந்தக் காலத்திலும்தான்.
இரண்டு பேர் ஒரே நேரம் பேசினால்
ஒரு குரல் இன்னொன்றை முழுசாக விழுங்கிவிடாது,
கீச்சென்று ஏதாவது மிஞ்சும்.
அடியில் ஓர் ஆள் இருப்பது தெரியும்.

லைசென்ஸ் காகிதம் காட்டி
எட்டு நாள் கழித்து இரண்டு வந்தன.
ஒன்று ஒல்லி. வண்ணத்திரை, ப்ளூடூத்,
வயிற்றுக்குள் லித்தியம்.
மற்றது செங்கல்.
சாம்பல் திரை, திருகுகிற இரண்டு குமிழ்,
முதுகில் ஆறு பென்சில் கட்டைக்குக் குழி.

நான் மின்வாரியத்தில் இருக்கிறேன்.
கரண்ட் எப்போது வரும் என்று
ஊர் போன் செய்வது என் மேசைக்கு.
போகாது என்று
இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

போன பங்குனியில்
நாகமலைக்கு மேல் நாலாயிரம் அடியில்
பேட்டரி கம்பி கழன்று
பலகையில் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன.
காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று
கீச்சிடும் பெட்டியும் ஊமை.
பிட்டத்தால் காற்றைப் படித்துக்கொண்டே
மேலக்கால் பக்கம் வறண்ட கண்மாயில் இறக்கினேன்.
நல்ல தரையிறக்கம். பார்த்தது நாலு எருமை.
போன் வெயிலில் சூடேறி தன்னையே அணைத்துக்கொண்டது.
எனக்கும் செக்கானூரணி ஓடுதளத்துக்கும் நடுவே
மலை நீட்டிப் படுத்திருந்தது.

விஞ்ச் ஓட்டும் ஒச்சு
டி.வி.எஸ்.ஸில் பொழுதடையும்வரை தேடினானாம்.
கருவேலங்காட்டில் வெள்ளையாக எது தெரிந்தாலும்
இறங்கிப் பார்த்திருக்கிறான்.
இரண்டு உரச்சாக்கு.
ஒரு கொக்கு.

அதனால் இரண்டையும்
சலாகுதீன் மாடியில், நடுப்பகலில், கையுறையோடு சோதித்தேன்.
ஒல்லியின் திரை வெயிலில் வெள்ளைத் தாளாயிற்று.
அதன் பொத்தான்கள் என் விரலுக்கு அகப்படவில்லை.
சார்ஜர் எந்த ஊரில் கிடைக்கும் என்றேன்.
இங்கேதான், என்றார் பெருமையாக.
அன்று கண்மாய்க்கரைப் பெட்டிக்கடையில்
நான் வாங்கிய கலர் சோடாவுக்கு மேலே
பென்சில் கட்டைகள்
சரம் சரமாகத் தொங்கின.

செங்கல்லைக் கட்டச் சொன்னேன்.
எடை கேட்டீர்களா? என்றார்.
என் சாப்பாட்டு டப்பாவைவிடக் குறைவு.

மலைக்கு அந்தப் பக்கம் தரையில் இறங்கிவிட்டால்
இதுவும் ஒச்சுவுக்கு எட்டாது. தெரியும்.
ஆனால் இன்னாசி மேலே சுற்றிக்கொண்டிருப்பான்,
அவனுக்குக் கேட்கும், அவன் சொல்வான்
என்று கணக்கு.

அந்தக் கணக்கைத்தான் முதல் ஞாயிறே கெடுத்தேன்.
தோள்பட்டை வார்
பேசும் பொத்தானை அழுத்தியபடி
இருபத்திரண்டு நிமிஷம்.
வேறு ஒருவரும் வாய் திறக்க முடியவில்லை.
பருந்தை நான் திட்டியது,
சீட்டுத் தவணையைக் கூட்டிக் கூட்டித் தப்பாகச் சொன்னது,
இன்னாசியின் தரையிறக்கங்கள் பற்றி
எனக்கிருந்த அபிப்பிராயம்,
எல்லாம் ஓடுதளத்துக்குத் தெளிவாகக் கேட்டதாம்.
குரல் ரொம்ப சுத்தம் மேடம், என்றான் ஒச்சு.

இன்னாசி இரண்டு வாரம் பேசவில்லை.
மூன்றாவது வாரம், ஆயிரம் அடியில்,
இதோ இறங்குகிறேன், ரேட்டிங் தயாரா
என்று காதில் வந்தது.

இப்போது அது இடது பக்கம், பொத்தான் வெளியே பார்க்க.
பொத்தானைச் சுற்றி
தோட்டத்து ஹோஸில் வெட்டிய ஒரு வளையம்.
தேவைப்படவே இல்லை, இதுவரை.
மாசம் ஒருமுறை ஆறு கட்டையையும் மாற்றுகிறேன்.
பாதி உயிரோடு வெளியே வருகிற பழைய ஆறும்
ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போகின்றன.

எங்கள் வீட்டில்
கடிகாரம் நிற்பதே இல்லை.