எழுநூறு ரூபாய்ப் பச்சை

கட்டாரில் மணல் பார்த்துப் பார்த்து
ரிஸ்மினுக்குக் கண் காய்ந்துவிட்டதாம்.
வீடியோவில் என் முகத்துக்குப் பின்னால்
கொஞ்சம் பச்சை தெரியட்டும் என்றார்.

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே
பட்டா வண்டியில் பூமரம் விற்றவனிடம் வாங்கினேன்.
சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கையில்
பக்கத்தில் நின்றுவிட்டதைப் போல
வெள்ளை தெறித்த அகன்ற இலைகள்.
எண்ணூற்றைம்பது சொன்னான், எழுநூறுக்குத் தந்தான்.
பெயரை நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

பதினாலு மாதத்து ஷைமா
பெயர் கேட்டு எதையும் தொடுவதில்லை.
அவளுக்கு உலகம் இரண்டு வகை:
வாய்க்குள் போனது,
இன்னும் போகாதது.

லுஹர் தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பினால்
இலையில் நாலு பல்லின் தடம்.
முதலில் சிரிப்பது போலத்தான் இருந்தது.
பிறகு, வாய் திறந்தபடி
சத்தமே வராத ஓர் அழுகை.
எச்சில் நாடி வழியே ஒழுகிச் சட்டை நனைந்தது.
ஈரத் துணியால் நாக்கைத் துடைத்தேன்.
என் விரலும் எரிந்தது.

"என்ன மரம்?" என்று கேட்டார்
ஆஸ்பத்திரியில் நிசாந்தினி மிஸ்ஸி.
"எழுநூறு ரூபா" என்றேன்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.
ரிஸ்மினுக்கு அனுப்பிய படத்தை நீட்டினேன்.
என் முகத்தை விரலால் ஒதுக்கித் தள்ளி
இலையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"சத்தி எடுக்க வைக்கேல்லையே?"
"இல்ல மிஸ்ஸி."
"நல்லது. அடுத்த முறை
ஓர் இலையைப் பையில போட்டுக் கொண்டு வாங்கோ."

அடுத்த முறை.
சாய்ந்தமருது வரைக்கும்
அந்தச் சொல்லும் ஓட்டோவில் எங்களோடு வந்தது.

உதட்டு வீக்கம் வடிந்ததும்
வீட்டை அளக்கத் தொடங்கினேன்.
ஷோகேஸின் மேலே மகளுக்கு எட்டாது,
ஆனால் சீனி தூங்குவதே அங்கேதான்.
இடுப்புக்குக் கீழே பிள்ளையின் ஆட்சி,
மேலே பூனையின் ஆட்சி.
வாசலில் வைத்தாலோ கடற்கரை வீதி ஆடுகள்
தங்கள் சொந்த வீடு மாதிரி நுழையும்.

"புள்ள இல்லாத ஊட்டுக்குக் குடுத்திடு"
என்றா மாமி, மீன் கழுவியபடி.
பக்கத்து வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை.
எல்லோரும் பார்க்காமலிருந்ததில்
நடுவிலிருந்த மதில்
இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

நான் கொண்டுபோகவில்லை.
நஞ்சைக் கையில் ஏந்தி அந்தக் கேற்றைத் திறந்து
என்னவென்று சொல்வேன்?
குளியலறைக்குப் பின்னால் குழி தோண்டினேன்.
பாதிக் குழியில்
மதிலுக்கு மேலால் ரகீபா ராத்தாவின் தலை.
"என்னகா, மையித்தா அடக்கிறாய்?
எங்கட ஊட்ட கடிக்க ஆருமில்ல, இஞ்ச தா."
சிரித்துத்தான் சொன்னா.
நான் சிரித்தேனா, ஞாபகமில்லை.

இரண்டு கிழமை கழித்து
கறித்தூள் கைமாற்றுக் கேட்டுப் போனேன்,
ஷைமா இடுப்பில்.
முன்னறையில் பழைய லவ் பேர்ட்ஸ் கூடு.
குருவிகள் இருந்த இடத்தில் பூமரம்.
கம்பிக்கு வெளியே நீண்ட இலையெல்லாம்
நறுக்கப்பட்டிருந்தன.
கத்தரிக்கோலும் ஒரு சோடிக் கையுறையும்
உயரத்தில் ஓர் ஆணியில்.
கூட்டில் கட்டிய பிஸ்கட் பெட்டி அட்டையில்
டிபென்பேக்கியா என்று நீலப் பேனையில் பெயர்,
ஓரெழுத்து வெட்டித் திருத்தியிருந்தது.
நிலத்தோடிருந்த பிளக் ஓட்டைகளில்
பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.
மேசையின் நாலு மூலைக்கும் பழந்துணி சுற்றியிருந்தது.

ஆருக்கு ராத்தா இதெல்லாம்,
நான் கேட்கவில்லை.

"இடுப்பிலயே வெச்சிக்கி நிக்காம
இறக்குகா" என்றா.
"நிலத்தில விடு. ஓடட்டும்."