பதினோராம் மாடி

பொங்கோல், காலை ஏழே கால்.
பாலர் பள்ளி வாசலில்
ஹுவீ மின் டீச்சரின் குட்டி டார்ச்
உன் வாய்க்குள் எட்டிப் பார்த்து
அப்படியே நின்றது.
நேற்று நான் கொசுக்கடி என்று சொன்னது
கொசுக்கடி இல்லை, யாழ்மதி.
குதிகாலில் மூன்று. உள்ளங்கையில் இரண்டு.
நாக்கோரம் வெள்ளையாய் ஒன்று.

மின்தூக்கியில் பதினொன்றை அமுக்குவது
எப்போதும் உன் வேலை.
இன்று என் முழங்கை அமுக்கியது.
நீ அழுதாயே,
புண்ணுக்குப் பாதி, அதற்குப் பாதி.

"தனியாக மருந்து கிடையாது.
காய்ச்சலுக்கு மட்டும் கொடுங்கள்.
நீர் இறங்குகிறதா, சிறுநீர் போகிறதா, பாருங்கள்.
தூக்கத்தில் உடம்பு தூக்கிப் போட்டால்,
எழுப்பியும் சோர்ந்தே கிடந்தால்
விடியட்டும் என்று இருக்காதீர்கள்."

ரசம் எரிந்தது. ஆரஞ்சு எரிந்தது.
குளிர்ந்த தயிர்
ஏழு கரண்டி உள்ளே போனது.
சம்பளத்தைக்கூட நான் இப்படி எண்ணியதில்லை.
இரவு இரண்டு மணிக்கு
ஈர டயப்பரைக் கையில் எடைபார்த்துச்
சிரித்த ஒருவனை
நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு ஸுல்ஃபா
கம்பிக் கதவுக்குள்ளிருந்து கரடிப் பொம்மையை ஆட்டினாள்.
நீயும் உன் முயலை ஆட்டினாய்.
நடுவே நடைபாதை,
ஆறடி அகலக் கடல்.

டீச்சர் கேட்குமுன்பே
வாயை ஆவென்று திறந்தாய்,
தோல் உரிந்த கைகளை விரித்தாய்,
திரும்பிப் பாராமல் உள்ளே ஓடினாய்.

பேருந்து நிறுத்தத்தில்
என் உள்ளங்கை அரித்தது.
கொசுக்கடிதான்.