டெப்ட்

பன்னிரண்டு மணிக்குத்தான் நைட் டேட்டா திறக்கும்.
அதுவரைக்கும் முழிச்சிருக்க
கோழிக்கணக்கை ரெண்டுதரம் கூட்டிப் பார்ப்பேன்.
மறுகா போனைத் தலகணியில சாய்ச்சுவெச்சு
சத்தத்தை அடைச்சிடுவேன்.
சின்னவன் எழும்பினா விடியுமட்டும் படுக்கமாட்டான்.

சத்தம் இருந்தும் என்ன,
அவங்க பேசுறது கொரியா.
இங்கிலீசு கீழே வெள்ளை எழுத்தில ஓடும்.
விரலால நிப்பாட்டி நிப்பாட்டி
சிஆர் கொப்பியின்ட பின்பக்கத்தில எழுதுவேன்.
பிட்ரேயல், துரோகம்.
இன்ஹெரிட்டன்ஸ், முதுசம்.
கோமா, கோமாதான்.
பெரிய வீட்டுக்காரர் படிக்கட்டில நிண்டு சண்டைபிடிக்க
கீழ நிண்டு நான் பொறுக்கினது
அறுநூற்றுப் பதினேழு சொல்.
ஒண்டையும் காதால கேட்டதில்ல.

செவ்வாய்க்கிழமை, கிரானில,
ஞானசெல்வியின்ட தகரக் கொட்டிலுக்குள்ள குழுக்கூட்டம்.
லோன்காரப் பொடியன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
படிவத்தை நீட்டினான்.
பழசை அடைக்கப் புதுசு.
ஐஞ்சு பேருக்கு ஐஞ்சு புள்ளடி
பென்சிலால போட்டே வெச்சிருந்தான்.
பேனை முதல்ல என்ட கைக்கு வந்திச்சு.

பார்த்தா, எல்லாம் தெரிஞ்ச முகம்.
பெனால்டி:
பதினாலாம் எபிசோட், சேர்மன்ட மருமகன் அழுத இடம்.
டிஃபோல்ட்:
மற்ற நாள் வந்து
அலுமாரி, பியானோ, பிள்ளைட கட்டிலெண்டு
சிவப்புத்தாள் ஒட்டிட்டுப் போனாங்க.
என்னையறியாம வாய்விட்டுட்டேன்:
"ஒராள்ர டெப்ட்டுக்கு மற்ற நாலுபேரும்
குவாரன்டோர் எண்டெல்லோ கிடக்கு தம்பி?"

பொடியன் சிரிச்சான்.
"டெட் அக்கா, டெப்ட் இல்ல.
பி சைலண்ட்."

"டெட்டெண்டா செத்ததுதானேகா?"
எண்டாள் பவளராணி.
கொட்டிலுக்குள்ள ஒருத்தரும் வாய் திறக்கல்ல.
போன மாரியில எங்கட குழு ஆறுபேர்.

எழுத வேணும், சொல்லப்படாது.
அந்த எழுத்தை எனக்கு முதலே தெரியும்.
தாலிக்கொடி ஈட்டில கிடக்கிறதை
இவருக்கு நான் இன்னும் சொல்லல்ல.

"வீட்ட கொண்டுபோய் வாசிச்சிட்டுத் தாறம்" எண்டேன்.
அவன்ட முகத்துக்குக் கீழே
வெள்ளையா ஒரு வரி ஓடினமாதிரி இருந்திச்சு.
நான் வாசிச்சு முடிக்கமுன்னம்
பைக்கை உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டான்.

அண்டைக்கிருந்து சந்தியில எனக்கு
டெப்ட் அக்கா எண்டு பேர்.
பியைச் சேர்த்துத்தான் கூப்பிடுறாங்க.

படிவம் கொப்பிக்குள்ள கிடக்கு,
ஐஞ்சு பென்சில் புள்ளடியோட.
பதினாறாம் எபிசோட்டுக்கு இன்னும் நாப்பது நிமிசம்.
கோழிக்கணக்கை
மூண்டாந்தரம் கூட்டுறேன்.