கோரிக்கை எண் ஒன்று

கோடை விடுமுறைக்குக் கோர்ட்டை மூடியதும்
ஏற்காட்டில் அறை எடுத்தேன்,
அர்த்தநாரியின் வாழ்க்கையை எழுதி முடிக்க.

இருபத்தெட்டு வருசம் அவருக்கு வக்கீல் நான்.
லேத்துப் பட்டறையில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு
"எழுதுங்க வக்கீலு" என்பார்.
பல்சக்கரம் என்று அவர் சொன்னதை
"மேற்படி சுழலும் உறுப்பு" என்று எழுதுவேன்.
படித்துக் காட்டினால் சிரிப்பார்:
"இது என்ற மெசினுங்களா, பங்காளித் தகராறுங்களா?"

ஜவ்வரிசி உருட்டும் எந்திரம்.
அதற்கு முன்னால் துணித்தொட்டிலில்
ஈரமாவைக் கொட்டி ஆட்டுவார்கள்.
ஆட்ட ஆட்ட மாவு மணியாகும்.
அவருடைய முதல் மூன்று மாதிரிகளிலும்
மாவு மாவாகவே கிடந்தது.

ஆத்தூர் ரோட்டு மில்லில் தொட்டில் ஆட்டிய பாவாயி
எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்:
"சும்மா ஆட்டுனா ஆவாதுங்க.
போறப்ப விட்டு
வர்றப்ப வெட்டி இழுக்கோணும்."
அன்றிரவே சக்கரத்தின் அச்சை
மையத்திலிருந்து அரை விரல் நகர்த்தினார்.
அவர் இதை ஒளிக்கவில்லை.
ஒரு டீக்கும் அடுத்த டீக்கும் நடுவே சொன்னார்.
நான்தான் பேனாவை மூடிவைத்தேன்.

காப்புரிமை மனுவில் கோரிக்கை எண் ஒன்று,
என் வாக்கியம்:
"அச்சு விலகல் என்னும் இக்கருத்து
விண்ணப்பதாரரின் சிந்தையில் மட்டுமே உதித்தது."
நாமக்கல்காரன் போலி செய்து வழக்காடியபோது
அந்த "மட்டுமே" ஜெயித்தது.
அஸ்தம்பட்டி கோர்ட் வாசலில்
எனக்கும் ஒரு மாலை.
அதற்குள் மில்லில்
தொட்டில்களைக் கழற்றி வருசம் நாலாகியிருந்தது.

ஆறு அதிகாரம் முடிந்துவிட்டது.
ஏழாவதில் அவள் வந்தாக வேண்டும்.
எழுத உட்கார்ந்தால்
எதிர்க்கட்சி வக்கீலாக நானே எழுந்து
ஆட்சேபணை என்கிறேன்.
அவரைக் கேட்கலாமென்றால்
போன தையில் போய்ச் சேர்ந்தார்,
பேரிலேயே பாதியைக் கொடுத்துவிட்ட மனுசன்.

சாயங்காலம் லேடீஸ் சீட் வரை நடந்தேன்.
மூடுபனி விலகிய இடத்தில் சேலம்,
வறுக்கக் கொட்டிய மணிகளாய் விளக்குகள்.
புளித்த மரவள்ளி வாடை
இவ்வளவு உயரம் ஏறுமா என்று
மூக்கை நீட்டினேன்.
தைலமரக் காற்றுதான்.

அறைக்குத் திரும்பி
அதிகார எண் போடாமல் ஒரு வரி:
பாவாயி, வயது தெரியாது,
ஊர் விசாரிக்க வேண்டும்.

கீழே போக முதல் பஸ்
ஆறே முக்காலுக்கு.